ஸ்பின்-ஆஃப் கேமுக்குக் காமிக்ஸ் வழியே விளம்பரம்: சுயாதீன ஓவியர்களோடு வேலை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

பெயர் பெற்ற ஒரு கேமிலிருந்து ஸ்பின்-ஆஃப் (அதே உலகத்திலிருந்து கிளைத்து வரும் தனி கேம்) வரும்போது விளம்பரக் குழுவுக்கு இரண்டு பக்கமும் இடி. பழைய ரசிகர்கள் "இது ஏன் வேறு மாதிரி இருக்கிறது?" என்று தயங்குவார்கள். புதியவர்கள் "முந்தையதை ஆடாமல் இது புரியுமா?" என்று ஒதுங்கிப் போவார்கள். ஒரு நிமிட ட்ரெய்லரில் இந்த இரு தரப்புக்கும் பதில் சொல்வது கடினம். எட்டுப் பக்கக் காமிக்ஸில் சொல்லிவிடலாம். அதை வரைபவருக்கு ஏற்கெனவே சொந்த வாசகர்கள் இருந்தால், கேள்விப்படாத ஆயிரம் பேர் முன்னால் கேம் நம்பிக்கையோடு போய் நிற்கும்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் தடுமாறுவது ஓவியத் தரத்தில் அல்ல, வேலையின் வரிசையில்தான். ஓவியரிடம் பேசி முடித்த பிறகு உரிமை இருக்கிறதா என்று தேடுவார்கள். பக்கங்கள் வண்ணம் தீட்டி வந்த பிறகு எந்தத் தளத்தில் போடலாம் என்று யோசிப்பார்கள். அதனால் கீழே உள்ளதை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். கேம் வெளியீட்டுக்கு ஆறு மாதம் முன்பே தொடங்கினால் மூச்சு விட நேரம் இருக்கும். மூன்று மாதத்தில் முடிக்கலாம்தான், ஆனால் நல்ல ஓவியர்களின் கையில் அதற்குள் வேறு வேலை இருக்கும்.

விளக்க வசதிக்காக ஒரு கற்பனை கேமை வைத்துக்கொள்வோம். மூல கேம் ஒரு போர்க்கள அதிரடி. அதில் ஆயுதம் பழுதுபார்த்துத் தரும் ஒரு கொல்லர் பெண் ஓரமாக வருவாள். போர் முடிந்த பின் அவளுடைய பட்டறையில் நடக்கும் அமைதியான புதிர் விளையாட்டுதான் ஸ்பின்-ஆஃப்.

1. முதலில் உரிமை, பிறகுதான் மற்றதெல்லாம்

கேம் செய்ய உரிமை இருப்பதாலேயே காமிக்ஸ் செய்ய உரிமை வந்துவிடாது. மூல கேமின் உரிமையாளர் வேறு நிறுவனமாக இருந்தால், உங்கள் உரிம ஒப்பந்தத்தில் காமிக்ஸ், விளம்பரப் படைப்பு, வெளியாட்களைக் கொண்டு வரையச் செய்வது ஆகிய மூன்றும் உள்ளனவா என்று பாருங்கள். அந்த உலகத்தை வைத்துக் காமிக்ஸ் வெளியிடும் தனியுரிமையை வேறு பதிப்பகத்துக்கு முன்பே கொடுத்திருக்கவும் கூடும். அப்படியானால் எட்டுப் பக்க இலவசக் காமிக்ஸுக்குக்கூட அனுமதி தேவைப்படலாம். பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் வந்த "பரவாயில்லை" ஆள் மாறினால் செல்லாது.

கூடவே ஒப்புதல் தரப்போவது யார் என்று ஒரே ஒருவரை நியமியுங்கள். கதைக் குழு, விளம்பரக் குழு, உரிமையாளர் தரப்பு எல்லோரும் கருத்துச் சொல்லட்டும். அவை அந்த ஒருவரிடம் சேர்ந்து, முரண்பாடு நீங்கி, ஒரே கடிதமாக ஓவியரிடம் போக வேண்டும். மூன்று பேரிடமிருந்து மூன்று விதமான திருத்தம் வந்தால் ஓவியர் யார் பேச்சைக் கேட்பார்?

2. கடைப் பக்கமும் குறிப்புத் தொகுப்பும்

காமிக்ஸைப் படித்து முடித்தவர் போய்ச் சேர ஓர் இடம் வேண்டும். ஸ்டீம் என்ற கணினி கேம் விற்பனைத் தளத்தில் வெளியிடுவதாக இருந்தால், "விரைவில்" பக்கம் குறைந்தது இரண்டு வாரம் வெளியில் இருந்தால்தான் கேமை விற்பனைக்கு விட முடியும். உங்களுக்கு அது போதாது. முதல் காமிக்ஸ் வெளிவரும் நாளுக்கு முன்பே பக்கம் திறந்திருக்க வேண்டும். விஷ்லிஸ்டில் (வாங்க விரும்பும் கேம்களின் பட்டியலில்) சேர்த்தவருக்குக் கேம் வெளியாகும்போது ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும். காமிக்ஸ் தரும் ஆர்வம் ஓரிரு நாளில் ஆறிவிடும், விஷ்லிஸ்ட்தான் அதை வெளியீட்டு நாள் வரை பிடித்து வைக்கும்.

குறிப்புத் தொகுப்பு என்பது ஓவியருக்கு நீங்கள் தரும் கோப்புறை. பாத்திரத்தை முன், பக்கம், பின் எனச் சுற்றிக் காட்டும் படங்கள், வண்ணக் குறியீடுகள், முக்கியப் பொருட்கள், இடங்களின் படங்கள் ஆகியவை அதில் இருக்கும். இவற்றோடு, படத்தைப் பார்த்தால் தெரியாதவற்றை ஒரு பக்கத்தில் எழுதிச் சேருங்கள். கொல்லர் எந்தக் கையில் சுத்தியல் பிடிப்பாள்? தீக்காயத் தழும்பு எந்த முன்கையில்? பட்டறைக் கதவு உள்ளே திறக்குமா, வெளியே திறக்குமா? பழைய ரசிகர்கள் முதலில் கவனிப்பது இவற்றைத்தான். பின்னூட்டத்தில் முதல் ஆள் "தழும்பு தப்பு" என்று எழுதிவிட்டால் அதற்குப் பின் கதையைப் பற்றிப் பேச்சே எழாது.

காட்டக்கூடாதவற்றையும் எழுதுங்கள். கேமின் நடுவில் வரும் திருப்பம், இன்னும் அறிவிக்காத பாத்திரம், வெளியீட்டுக்குள் மாறக்கூடிய உடை போன்றவை. உருவாக்கத்தில் இருக்கும் கேமின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பி வரையச் சொல்லாதீர்கள். அடுத்த மாதம் அந்த உடையே இருக்காது.

3. காமிக்ஸ் பதில் சொல்லப்போகும் ஒரே கேள்வி

ஓவியரைத் தேடும் முன் இதை முடிவு செய்தால்தான் எப்படிப்பட்ட ஓவியர் வேண்டும் என்பதே தெரியும். ஒரு காமிக்ஸ், ஒரு கேள்வி. நம் உதாரணத்தில் "போர் முடிந்ததும் இவள் ஏன் ஆயுதம் செய்வதை விட்டாள்?" என்பது நல்ல கேள்வி. "புதிர் கேமில் என்னென்ன வசதிகள் உள்ளன?" என்பது கடைப் பக்கத்தின் வேலை.

வால்வ் என்ற கேம் நிறுவனம் செய்த இரண்டு காமிக்ஸ்கள் இதற்கு நல்ல பாடம். 'லெஃப்ட் 4 டெட்' விளையாட்டின் 'தி சேக்ரிஃபைஸ்' பகுதி 2010 அக்டோபரில் வந்தது. அதற்கு முன் அதே பெயரில் ஒரு காமிக்ஸைப் பகுதி பகுதியாக இணையத்தில் இலவசமாக விட்டார்கள். கேமின் முக்கியப் பாத்திரங்கள் நால்வரில் யார் இறந்தார் என்பது முந்தைய பகுதியிலேயே ரசிகர்களுக்குத் தெரிந்துவிட்டது. காமிக்ஸ் சொன்னது அவர் எப்படி, எதற்காக இறந்தார் என்பதை. கேமிலோ, யார் உயிரைக் கொடுப்பது என்பதை ஆடுபவரே முடிவு செய்வார். இரண்டும் ஒன்றையொன்று விழுங்கவில்லை. 2011இல் 'போர்டல் 2' வந்தபோது வெளியான 'லேப் ராட்' காமிக்ஸ், முதல் கேமின் சுவர்களில் கிறுக்கிவைத்த மனிதர் யார் என்ற ஒற்றைக் கேள்வியை எடுத்துக்கொண்டு இரண்டு கேம்களுக்கும் பாலம் போட்டது. இரண்டுமே நேரடி ஸ்பின்-ஆஃப் அல்ல என்றாலும் உத்தி அப்படியே பொருந்தும். கேமில் ஏற்கெனவே கண்ணில் பட்ட, ஆனால் விளக்கப்படாத ஒன்றைப் பிடியுங்கள்.

4. ஓவியரைத் தேர்வது

பின்தொடர்வோர் எண்ணிக்கையைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது பின்னூட்டங்கள். "அழகு", "அருமை" என்று மட்டும் வந்தால் அது படத்துக்கான கூட்டம். "அவள் ஏன் திரும்பிப் பார்க்கவில்லை?", "அடுத்த பகுதி எப்போது?" என்று கேட்டால் அது கதைக்கான கூட்டம். உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. அவர்கள்தான் கடைசிக் கட்டம் வரை படித்துவிட்டு இணைப்பைத் தட்டுவார்கள்.

அடுத்து, ஒற்றைப் படம் பிரமாதமாக வரைபவர் எல்லோரும் காமிக்ஸ் வரைபவர் அல்ல. முடிவு வரை கொண்டுபோன ஒரு சிறுகதையாவது அவரிடம் இருக்கிறதா என்று தேடுங்கள். அதில் ஒரே முகம் பல கோணங்களில் அதே முகமாக இருக்கிறதா, கண் எந்தக் கட்டத்துக்கு அடுத்துப் போக வேண்டும் என்பதில் குழப்பம் வருகிறதா, வசன பலூன்கள் முகத்தை மறைக்கின்றனவா என்று பாருங்கள். சொன்ன தேதியில் கதையை முடித்த வரலாறு இருந்தால் இன்னும் நல்லது.

புதியவர்கள் அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மூல கேமின் தொனிக்குப் பொருத்தமான ஓவியரைப் பிடித்துவிடுவார்கள். வாள் சண்டையை வெளுத்து வாங்குபவர் பட்டறையின் அமைதியை வரைய வேண்டியிருக்கும், படிப்பவரும் சண்டை கேமை எதிர்பார்த்து வந்து ஏமாறுவார். தேர்வு ஸ்பின்-ஆஃபின் தொனிக்குத்தான்.

ஒரே பிரபலத்திடம் முழுத் தொகையையும் கொடுப்பதா, மூன்று பேருக்குப் பிரிப்பதா? நான் மூன்று பேர் பக்கம். ஒருவர் ஏற்கெனவே மூல கேமுக்கு ரசிகர் ஓவியம் வரைந்தவராக இருக்கட்டும், பழைய ரசிகர்கள் அவரை நம்புவார்கள். மற்ற இருவர் அந்த கேமைத் தொடாதவர்களாக, ஆனால் அன்றாட வாழ்க்கைக் கதைகளோ புதிர்க் கதைகளோ சொல்பவர்களாக இருக்கட்டும். அவர்களுடைய வாசகர்கள்தான் உங்களுக்குப் புதியவர்கள். ஒருவருக்கு உடல்நலம் கெட்டாலும் திட்டம் நிற்காது.

5. முதல் கடிதம்

சுயாதீன ஓவியருக்கு "உங்களோடு இணைந்து பணியாற்ற விரும்புகிறோம்" என்ற பொத்தாம்பொதுவான கடிதங்கள் ஏராளமாக வரும். பதில் வர வேண்டுமானால் அவருடைய வேலையைப் படித்தது தெரிய வேண்டும், தொகையும் தேதியும் முதல் கடிதத்திலேயே இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"வணக்கம். உங்கள் அஞ்சல்காரி கதையின் கடைசிப் பக்கத்தில் அவள் கதவைத் தட்டாமலே திரும்பும் மூன்று பேச்சில்லாத கட்டங்களைப் படித்தேன். எங்கள் புதிய கேமின் நாயகிக்கு அந்த மௌனம் பொருந்தும். 8 பக்கம், முழு வண்ணம். ஒரு பக்கக் குறிப்பு தருவோம், கதை உங்களுடையது. ஒப்பந்தம் ஆன நாளிலிருந்து 10 வாரம். பக்கத்துக்கு இன்ன தொகை, மூன்றில் ஒரு பங்கு முன்பணம். இணைய வெளியீட்டு உரிமை மட்டும் கேட்கிறோம். அச்சு, பொருட்கள் என்றால் தனித் தொகை. ஆர்வம் இருந்தால் ரகசியக் காப்பு ஒப்பந்தம் அனுப்பிவிட்டு மற்றதைச் சொல்கிறோம்."

இலவச மாதிரிப் பக்கம் கேட்காதீர்கள். மாதிரி தேவை என்றால் அதற்கும் பணம் கொடுங்கள். "நல்ல விளம்பரம் கிடைக்கும்" என்று சொல்லி விலையைக் குறைப்பது வேண்டவே வேண்டாம். அவருடைய வாசகர்களை நாடிப் போவது நீங்கள்தான். போட்டி வைத்து, வென்றவருக்கு மட்டும் பணம் தருவதும் அதே தப்பு. தோற்ற ஐம்பது பேரின் உழைப்பு வீணாகும், அந்த ஐம்பது பேரும் அதை வெளியில் சொல்வார்கள்.

6. ஒப்பந்தம்

அவசரத்தில் தாவிவிடுவதும் பின்னால் வருந்துவதும் இந்தப் படியில்தான். இருவரும் உட்கார்ந்து பேச வேண்டியவை இவை.

உரிமை. பாத்திரங்கள் உங்களுடையவை, அதில் சிக்கல் இல்லை. வரைந்த பக்கம் யாருடையது? வெளியாளிடம் சொல்லி வரையச் செய்ததாலேயே அது உங்களுக்குச் சொந்தமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கச் சட்டத்தில்கூட, வெளியாளின் படைப்பு நிறுவனத்தின் படைப்பாகக் கருதப்பட அது சட்டம் பட்டியலிடும் 9 வகைகளில் ஒன்றுக்குள் வர வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட்ட எழுத்து ஒப்பந்தமும் வேண்டும். நாட்டுக்கு நாடு சட்டம் மாறுவதால், முழு உரிமை மாற்றமா, குறிப்பிட்ட பயன்பாட்டுக்கான உரிமமா என்று வெளிப்படையாக எழுதுங்கள். விளம்பரக் காமிக்ஸுக்குப் பெரும்பாலும் உரிமமே போதும், செலவும் குறையும். எந்தெந்தத் தளம், எத்தனை ஆண்டு, எந்த மொழிகள், கட்டண விளம்பரமாக ஓட்டலாமா, சட்டையில் அச்சிடலாமா என்று ஒவ்வொன்றாக.

பணம். கையெழுத்தின்போது ஒரு பங்கு, பென்சில் வரைவுக்கு ஒப்புதல் தரும்போது ஒரு பங்கு, இறுதிக் கோப்பில் மீதி. கடைசித் தவணையை "வெளியான பின்" என்று எழுதாதீர்கள். வெளியீட்டுத் தேதி உங்கள் கையில் இருக்கிறது, ஓவியர் கையில் இல்லை. நீங்களே திட்டத்தைக் கைவிட்டால் அதுவரை முடிந்த வேலைக்கு முழுப் பணமும், ஒதுக்கிய நேரத்துக்கு ஈடாக ஒரு தொகையும் தர வேண்டும். வெளிநாட்டுப் பணப் பரிமாற்றக் கட்டணம் யார் தலையில் என்பதையும் எழுதுங்கள்.

திருத்தம். ஒவ்வொரு படியிலும் இரண்டு சுற்று, அதற்கு மேல் தனித் தொகை. உங்கள் பதில் இத்தனை வேலை நாளுக்குள் வராவிட்டால் இறுதித் தேதியும் அதே அளவு தள்ளிப்போகும் என்ற வரி கட்டாயம் இருக்கட்டும். தாமதம் பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கத்திலிருந்தே வருகிறது.

மற்றவை. பெயர் எங்கே, எந்த வடிவில் வரும்? தன் தளத்தில் மாதிரியாக வைத்துக்கொள்ளலாமா? காகிதத்தில் வரைபவரானால் மூலப் பக்கத்தை விற்கலாமா? இந்தப் பக்கங்களைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குப் பயன்படுத்த மாட்டோம் என்ற உறுதியும், ஓவியர் தரப்பிலிருந்து அப்படிப்பட்ட கருவியால் உருவாக்கிய படம் வராது என்ற உறுதியும் இப்போது இரு பக்கமும் கேட்கும் விஷயங்கள்.

7. அளவை முடிவு செய்வது, கோடு போடும் முன்பே

அச்சுப் பக்கமாக வரைந்ததைப் பிறகு போன் திரைக்கு வெட்டினால் எழுத்து எறும்பளவு ஆகிவிடும். இன்ஸ்டாகிராமுக்கு 1080 x 1350 பிக்சல், ஒரு பதிவில் 20 படம் வரை. வெப்டூன் என்ற இணையக் காமிக்ஸ் தளத்தில் யாரும் பதிவிடக்கூடிய கேன்வாஸ் பகுதிக்கு 800 பிக்சல் அகலம், ஒரு படத்துக்கு 1280 உயரம் வரை. எக்ஸ் தளத்தில் ஒரு பதிவுக்கு 4 படம்தான்.

எங்கும் பொருந்த ஒரு வழி உண்டு. ஒவ்வொரு பக்கத்தையும் மேல் பாதி, கீழ் பாதி எனத் தனித்தனியாக வெட்டக்கூடிய அடுக்குகளாகத் திட்டமிடச் சொல்லுங்கள். பக்கமாகவும் படிக்கலாம், கீழே உருட்டியும் படிக்கலாம். பின்னால் அச்சிடும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும் அச்சு அளவில் 300 டிபிஐக்கு (அங்குலத்துக்கு 300 புள்ளி) குறையாமல், ஓரத்தில் 3 மிமீ வெட்டுப்பகுதி (அச்சிட்ட பின் வெட்டி நீக்கும் ஓரம்) விட்டு வரையட்டும். பெரிதைச் சிறிதாக்கலாம், சிறிதைப் பெரிதாக்க முடியாது.

8. ஒரு பக்கக் குறிப்பு

முழுக் கதையையும் எழுதிக் கொடுத்து "வரைந்து தாருங்கள்" என்றால் அவருடைய வாசகருக்கு அது அவர் குரலாகக் கேட்காது. குறிப்பில் நான்கு விஷயம் போதும்: கேள்வி, மாற்றக்கூடாதவை, காட்டக்கூடாதவை, முடிய வேண்டிய இடம். நம் உதாரணத்துக்கு:

"போர் முடிந்து முதல் மழைக்காலம். பழைய வீரன் ஒருவன் உடைந்த வாளோடு பட்டறைக்கு வருகிறான். அவள் அதைச் சரிசெய்ய மறுக்கிறாள். ஏன் என்று நேரடியாகச் சொல்லக் கூடாது. வாள் வேறு ஏதோவாக மாறத் தொடங்கும் இடத்தில் முடியட்டும். இசைப்பெட்டி, அவளுடைய தம்பி இரண்டும் வேண்டாம். சுத்தியல் இடது கையில்."

கேமின் பெயரும் வெளியீட்டுத் தேதியும் கதைக்குள் வரக் கூடாது. கடைசிக் கட்டத்துக்குப் பிறகு தனி அட்டையில் வரட்டும். கதை அதனளவில் முடிந்திருக்க வேண்டும். ஆனால் படித்தவர் அந்தப் பட்டறைக்குள் இன்னும் கொஞ்ச நேரம் இருக்க ஆசைப்பட வேண்டும்.

9. படிப்படியான ஒப்புதல்

வரிசை: கதைச் சுருக்கம், சிறு வரைவு, பென்சில், மை மற்றும் வண்ணம், லெட்டரிங் (வசனம் எழுதிச் சேர்ப்பது). ஒரு படிக்கு ஒப்புதல் தந்துவிட்டால் பின்னால் திரும்பிப் போகக் கூடாது. சிறு வரைவில் ஒரு கட்டத்தை மாற்றுவது சில நிமிட வேலை. வண்ணம் தீட்டிய பிறகு அதே மாற்றம் ஒரு முழு நாளைத் தின்னும். அதனால் சிறு வரைவைத்தான் உரிமையாளர் தரப்பு உட்பட எல்லோரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அது கிறுக்கலாக இருக்கிறதே என்று தள்ளிவைத்துவிட்டு, வண்ணப் பக்கம் வந்ததும் கோணத்தை மாற்றச் சொல்வதை அடிக்கடி பார்க்கிறேன்.

கருத்தை எப்படி எழுதுகிறோம் என்பதும் முக்கியம். "3ஆம் பக்கம் இன்னும் பன்ச்சாக வேண்டும்" என்பதை வைத்து ஓவியர் எதையும் செய்ய முடியாது. "3ஆம் பக்கம், 2ஆம் கட்டம்: அவள் வாளைத் தொடுகிறாளா, தள்ளுகிறாளா என்று தெரியவில்லை. தள்ளுவதுதான் கதைக்குத் தேவை" என்று எழுதினால் சிக்கல் புரியும். தீர்வை அவரே கண்டுபிடிப்பார், பெரும்பாலும் நீங்கள் நினைத்ததைவிட நன்றாகவே.

வசனம் தனி லேயரில் வர வேண்டும், பலூன்கள் இன்னொரு லேயரில், பலூனுக்கு அடியில் ஓவியம் முழுமையாக. மொழிபெயர்க்கும்போது பலூனின் அளவு மாறும். ஒரு மொழியில் இரண்டு சொல்லாக இருப்பது இன்னொரு மொழியில் ஐந்தாகும். ஓசைச் சொற்கள் ஓவியத்தோடு கலந்துவிட்டால் ஒவ்வொரு மொழிக்கும் மறுபடி வரைய வேண்டியிருக்கும்.

10. வெளியீடு

முதலில் ஓவியரின் கணக்கில் வரட்டும், உங்கள் கணக்கு அதைப் பகிரட்டும். தலைகீழாகச் செய்தால் நீங்கள் பணம் கொடுத்த அந்த நம்பிக்கையே வீணாகும். மூவர் இருந்தால் ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு வார இடைவெளியில் விடுங்கள். கடைசிக் காமிக்ஸ் டெமோ வரும் வாரத்தோடு ஒட்டி வந்தால் படித்தவர் உடனே ஆடிப் பார்க்க முடியும். ஸ்டீமின் டெமோ விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்டில் ஒரு கேம் ஒரே முறைதான் கலந்துகொள்ள முடியும் என்பதால் அந்தத் தேதியை வைத்தே மற்றதைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். வெளியீட்டு நாளில் மட்டும் காமிக்ஸ் வேண்டாம், விமர்சனங்களின் இரைச்சலில் காணாமல் போகும்.

பணம் பெற்று வரைந்தது என்பதைப் பதிவிலேயே, முதல் பார்வையில் தெரியும்படி சொல்ல வேண்டும். அமெரிக்காவில் எஃப்டிசி, பிரிட்டனில் ஏஎஸ்ஏ, இந்தியாவில் ஏஎஸ்சிஐ என விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்புகள் எல்லாமே இதைக் கேட்கின்றன. இருபது ஹேஷ்டேக்குக்கு நடுவில் ஒளித்து வைத்தால் செல்லாது. எப்படிச் சொல்வது என்பதை ஓவியரின் நடையிலேயே எழுத விடுங்கள். "இந்தக் கதையை வரைய இந்த கேம் குழு பணம் கொடுத்தது, பட்டறையை வரைந்தது எனக்குப் பிடித்திருந்தது" என்று நேராகச் சொன்னால் வாசகர்கள் கோபப்படுவதில்லை.

கேமின் விலையையோ மூல நிறுவனத்தையோ திட்டிப் பின்னூட்டம் வந்தால் பதில் சொல்வது உங்கள் வேலை. ஓவியரை வழக்காட விடாதீர்கள். அன்று உங்கள் தரப்பில் ஒருவர் கண்விழித்திருக்க வேண்டும், அவருடைய எண் ஓவியரிடம் இருக்க வேண்டும்.

11. பலனைப் பார்ப்பது

ஒவ்வொரு ஓவியருக்கும் தனி யூடிஎம் இணைப்பு (யார் வழியே வந்தார்கள் என்று காட்டும் குறியீடு சேர்த்த இணைப்பு) கொடுங்கள். கேம் உருவாக்குநர்களுக்கான ஸ்டீமின் தளமான ஸ்டீம்வொர்க்ஸிலேயே அதன் வழியே வந்தவர்களையும் விஷ்லிஸ்டில் சேர்த்தவர்களையும் பார்க்கலாம். ஆனால் அந்த எண்ணை மட்டும் வைத்து ஓவியரை எடை போடாதீர்கள். போனில் காமிக்ஸ் படித்தவர் இரவு கணினியைத் திறந்து கேமின் பெயரைத் தேடி வருவார், அது இணைப்புக் கணக்கில் ஏறாது. அன்றாட விஷ்லிஸ்ட் வரைபடத்தில் காமிக்ஸ் வெளியான நாட்களின் ஏற்றத்தையும் சேர்த்துப் பாருங்கள். சேமிப்புகளும் பகிர்வுகளும் விருப்பக்குறிகளைவிடப் பயனுள்ள அறிகுறி.

12. வெளியீட்டுக்குப் பின்

மீதிப் பணம் ஏதாவது நிலுவையில் இருந்தால் உடனே அனுப்புங்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்ற எண்களை ஓவியரோடு பகிருங்கள், அடுத்த வேலைக்கு விலை பேச அவருக்கு அது உதவும். கேம் தள்ளிப்போனால் செய்தி வெளியில் வரும் முன் அவருக்குத் தெரிய வேண்டும், வாசகர்கள் அவரிடமும்தான் கேட்பார்கள். கேமின் நன்றிப் பட்டியலில் ஓவியர்களின் பெயர் வர வேண்டும் என்பதை உருவாக்கக் குழுவிடம் இறுதிப் பதிப்பு பூட்டப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுங்கள், எழுத்துக்கூட்டலை ஓவியரிடமே சரிபார்த்த பிறகு.